லைனோடைப் அருகே இருக்கும் அட்டையை மாற்றுங்கள்: அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய அச்சு இயந்திரங்களைக் காட்சிக்கு வைத்துக் காப்பாற்றி வரும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் இருபத்தாறு வருடம் கைக்கோப்பு கம்பாசிட்டராக, அதாவது ஈய எழுத்துகளைக் கையால் அடுக்கி வரியாக்குகிறவனாக, வேலை பார்த்தவன். ட்ரெடில் மிஷின் ஓடிய சிறிய அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், இவற்றோடு ஒரு வாரப் பத்திரிகையும் எங்களிடம் அச்சாகும். ஈய எழுத்தே வேண்டாத ஆஃப்செட் அச்சு வந்த பிறகு எழுத்துகளை எடைக்குப் போட்டார்கள். அதன் பிறகு ஸ்டிக், அதாவது எழுத்து அடுக்கும் கைத்தட்டு, பிடிக்க வாய்ப்பு இல்லை. ஆனாலும் பழைய அச்சு சாமான் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

போன மாதம் அப்படி ஒரு காட்சிக்கூடத்துக்குப் போனேன். கூடத்தின் நடுவே ஒரு லைனோடைப். துரு ஏறாமல் எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள். அதற்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பக்கத்தில் ஒரு அட்டை: "விசைப்பலகையை அழுத்தினால் எழுத்து கோக்கும் உலகின் முதல் இயந்திரம், 1886." இதே வாசகத்தைச் சிறு மாற்றங்களோடு வேறு இரண்டு இடங்களிலும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஒருவருக்குத் தனியாக எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்த அட்டை தப்பு. 1886-க்கு 64 வருடம் முன்பே, 1822-இல், அமெரிக்காவில் பிறந்த வில்லியம் சர்ச் என்பவர் விசைப்பலகை வைத்த எழுத்துக்கோப்பு இயந்திரத்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிவிட்டார். அவருக்குப் பிறகு லைனோடைப் வரும்வரை இங்கிலாந்திலும் டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ பேர் அதே வேலையில் இறங்கினார்கள். சிலருடைய இயந்திரங்களில் தினப் பத்திரிகையே கோத்தார்கள். வருடத்தைத் திருத்தினால் மட்டும் போதும் என்றால் ஒரு தபால் அட்டையில் எழுதியிருப்பேன். இந்தத் தப்புக்கு அடியில் இன்னொரு தப்பு இருக்கிறது. கம்பாசிட்டர் என்றால் எழுத்துப் பொறுக்குகிறவர், அந்தப் பொறுக்கும் கைக்குப் பதிலாக ஒரு பொத்தான் வந்ததுதான் புரட்சி என்று பார்ப்பவர்கள் எண்ணிக்கொண்டு போகிறார்கள். அந்த அறுபத்துச் சொச்சம் வருடத்தில் இயந்திரம் செய்தவர்களில் பலர் தோற்றதும் இதே எண்ணத்தால்தான்.

எழுத்துப் பொறுக்குவது எங்கள் வேலையில் ஒரு பகுதி. எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைத்திருக்கும் கேஸ் முன்னால் நின்றுகொண்டு, இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்து, வலது கையால் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து அடுக்குவோம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படுவது அதுதான். அடுத்தது வரி நிறைப்பது. வரி முடியும் இடத்துக்கு வந்ததும் கடைசிச் சொல் அடங்காது, அல்லது அடங்கியும் இடம் மிஞ்சும். அப்போது திரும்பிப் போய்ச் சொற்களுக்கு நடுவே இருக்கும் ஸ்பேஸ்களை எடுத்துவிட்டு மெல்லியதோ தடித்ததோ மாற்றிப் போட வேண்டும். வரி இறுக்கமாக நிற்கிறதா என்று கட்டைவிரலுக்குத் தெரியும். கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் பாரத்தை, அதாவது கோத்து இறுக்கிய பக்கத்தை, தூக்கும்போது எழுத்து பொலபொலவென்று கொட்டிவிடும். இருபது வரியை ஒருமுறை அப்படிக் கொட்டிவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து பொறுக்கியவன் நான்.

மூன்றாவது வேலையை யாரும் வந்து பார்ப்பதில்லை. அச்சாகி இறங்கிய பாரத்தைக் கெரசின் துணியால் துடைத்து, தண்ணீரால் நனைத்து, நாலைந்து வரிகளை இடது கையில் அணைத்துக்கொண்டு, ஒரு சொல்லைப் பிரித்தெடுத்து வாசித்து, ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் அறையில் விட வேண்டும். ஈயம் ஈயத்தின் மேல் விழும் அந்தச் சின்னச் சத்தத்திலேயே அறையில் எழுத்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அசதியில் ண-வை ன-வின் அறையில் விட்டால், அந்தத் தப்பு அப்போது தெரியாது. இரண்டு நாள் கழித்து வேறொருவர் கோக்கும் வரியில் 'மனம்' 'மணம்' ஆகி நிற்கும். இன்று பிரித்துப் போடாவிட்டால் நாளைக்குக் கோக்க எழுத்து இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் துண்டுக்கூலிக்கு வேலை பார்த்த கம்பாசிட்டருக்கு ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. பிரித்துப் போடுவதும் அந்தக் கூலிக்குள்ளேயே அடக்கம். அதற்கென்று தனியாகக் காசு கிடையாது. கூலியில் கணக்கு வராத வேலை, பார்க்கிறவர்கள் கண்ணுக்கும் வேலையாகத் தெரிவதில்லை.

இயந்திரம் எதற்காகத் தேவைப்பட்டது என்பதையும் அட்டையில் சொல்லலாம். 1814 நவம்பர் 29 அன்று லண்டன் டைம்ஸ் பத்திரிகை, கோனிக் செய்த நீராவி அச்சு இயந்திரத்தில் மணிக்கு 1,100 தாள் என்ற வேகத்தில் அச்சாகி வெளிவந்தது. 1860களின் கடைசியில் அதே பத்திரிகையின் வால்டர் ரோட்டரி மணிக்குச் சுமார் 12,000 பிரதி அடித்தது. கீழே அச்சு அந்த வேகத்தில் ஓட, மேல்மாடியில் எழுத்து கோத்த கைகள் கூட்டன்பர்க் காலத்து வேகத்தில்தான் ஓடின. அமெரிக்காவில் ஜார்ஜ் ஆரன்ஸ்பெர்க் என்ற கம்பாசிட்டர் 1870-இல் ஒரே மணி நேரத்தில் 2,064 எம் கோத்துக் காட்டினார். எம் என்பது தொழிலில் ஓர் அளவு. ஒரு எம்முக்கு ஏறத்தாழ இரண்டு எழுத்து வரும். 'வெலாசிபீட்' என்று அவருக்குப் பட்டப்பெயரே வைத்தார்கள். 1886-இன் தொடக்கத்தில்கூட சிகாகோவிலும் பிலடெல்பியாவிலும் கூட்டம் கூட்டிக் கம்பாசிட்டர்களுக்குக் கைவேகப் போட்டி நடத்தினார்கள். அதே வருடம் ஜூலையில் லைனோடைப் வேலையைத் தொடங்கிவிட்டது. அந்த மேடையில் நின்றவர்களை நினைக்கும்போது எனக்கு மனசு கனக்கிறது.

இப்போது சர்ச்சுக்கு வருகிறேன். எல்லோருக்கும் முந்தி வந்த அவர், எல்லோரையும்விடத் தெளிவாக யோசித்திருக்கிறார் என்பது என் எண்ணம். அச்சான எழுத்தைப் பிரித்து அறையில் போடுவதை அவர் விட்டுவிட்டார். உருக்கிவிடு, திரும்பப் புதிதாக வார்த்துக்கொள் என்றார். அதற்காகவே கோக்கும் இயந்திரத்தோடு வார்க்கும் இயந்திரத்துக்கும் சேர்த்துத் திட்டம் போட்டார். அவர் காலத்தில் அது அச்சகங்களில் நிலைக்கவில்லை. யோசனை மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்துக்கொண்டு கிடந்தது.

அடுத்து வந்தவர்கள் ஜேம்ஸ் யங்கும் ஏட்ரியன் டெல்காம்பரும். 1840-இல் காப்புரிமை. பின்னாளில் எஃகு உருக்கும் முறையால் உலகப் புகழ் பெற்ற ஹென்றி பெஸ்ஸமர் இதைச் செய்து முடிக்க உதவினார். பார்ப்பதற்குப் பியானோ மாதிரியே இருக்கும். 'பியானோடைப்' என்றும் பெயர். கட்டையை அழுத்தினால் அதற்குரிய ஈய எழுத்து ஒரு சரிவில் வழுக்கிக்கொண்டு வந்து வரிசையில் சேரும். ஒல்லியான எழுத்தும் தடித்த எழுத்தும் வெவ்வேறு இடத்திலிருந்து புறப்பட்டாலும் அழுத்திய வரிசை மாறாமல் வந்து சேர வேண்டும் என்பதே பெரும்பாடாக இருந்தது. 1842 டிசம்பரில் லண்டனில் தொடங்கிய 'ஃபேமிலி ஹெரால்ட்' என்ற வார இதழ் இதில்தான் கோக்கப்பட்டது. கட்டைகளை அழுத்தியவர்கள் இளம் பெண்கள்.

ஆனால் அந்தப் பியானோவிலிருந்து வந்தது முடிவில்லாத ஒரே நீள வரி. அதைப் பக்க அகலத்துக்கு வெட்டி, ஸ்பேஸ் மாற்றி, வரி நிறைக்கப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். எழுத்து தீராமல் குழாய்களை நிரப்பிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். அச்சானதைப் பிரித்து அடுக்கவும் ஆள் வேண்டும். ஒரு கம்பாசிட்டர் தனியாளாகச் செய்த வேலைக்கு ஒரு கூட்டமே உட்கார்ந்தது. அடுத்த வருடமே அந்த இதழ் கைக்கோப்புக்குத் திரும்பிவிட்டது.

லண்டன் கம்பாசிட்டர் சங்கம் இந்த இயந்திரத்தை எதிர்த்தது உண்மை. அதை மட்டும் எழுதி, 'தொழிலாளர்கள் முன்னேற்றத்தைத் தடுத்தார்கள்' என்று தயவுசெய்து அட்டையில் போட்டுவிடாதீர்கள். முதலாளிகள் அந்தப் பெண்களை உட்காரவைத்தது ஆண்களைவிடக் குறைந்த கூலிக்கு. சங்கத்தின் பயம் வெறும் பயம் இல்லை. அதே சமயம் அந்தப் பெண்களை அச்சுக்கூடத்துக்குள்ளேயே விடக்கூடாது என்று ஆண்கள் நின்றதும் நியாயம் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் ஜான் ட்ரோ என்பவரின் அச்சகத்தில் மிட்செல் என்பவர் செய்த கோப்பு இயந்திரங்களில் உட்கார்ந்தவர்களும் பெண்கள். வாரிங்டனில் பத்திரிகை நடத்திய அலெக்சாண்டர் மக்கி, காகித நாடாவில் துளை போட்டு அந்தத் துளைகளைக் கொண்டு நீராவியால் எழுத்து கோக்கும் இயந்திரம் செய்தார். அந்தத் துளை போடும் வேலையும் பெண்களுக்கே. நான் பார்த்த எந்தக் காட்சிக்கூடத்திலும் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் மனசுக்கு மிகவும் நெருக்கமானவர் டென்மார்க்கின் கிறிஸ்டியன் சோரன்சன். அவர் தானே ஒரு கம்பாசிட்டர். அதனால்தானோ என்னவோ, மற்றவர்கள் கோப்பதில் தொடங்கியபோது அவர் பிரிப்பதையும் சேர்த்தே யோசித்தார். ஒவ்வொரு எழுத்தின் உடம்பிலும் வேறு வேறு இடத்தில் வெட்டு. பூட்டுக்குச் சாவி மாதிரி, அந்த வெட்டு பொருந்தும் காடியில்தான் அந்த எழுத்து இறங்கும். அச்சாகி வந்த எழுத்துகளை மேலே விட்டால் தானாகத் தன் தன் காடியைத் தேடி இறங்கி, மறுபடி கோப்பதற்குத் தயாராக நிற்கும். 1851-இல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சியில் இதை வைத்தார். கோபன்ஹேகனில் ஒரு செய்தித்தாளும் இதைப் பயன்படுத்தியது. 1861-இல் சோரன்சன் இறந்துபோனார், கையில் காசில்லாமல். வெட்டு வைத்துப் பிரிக்கும் அந்த வழியை 1880களில் அமெரிக்காவின் தோர்ன் இயந்திரத்தில் மறுபடி பார்க்கலாம். சிறிய பத்திரிகைகள் பல அதை வாங்கின.

ஹேட்டர்ஸ்லி இயந்திரம் 1857-இல் மான்செஸ்டரில் பிறந்து இங்கிலாந்தின் வெளியூர்ப் பத்திரிகைகளில் வெகுகாலம் ஓடியது. அதை இங்கே விரிக்கவில்லை. டைம்ஸில் ஓடிய காஸ்டன்பைன் இயந்திரத்தைப் பற்றி மட்டும் சொல்லியே ஆக வேண்டும். ஜெர்மானியரான காஸ்டன்பைனின் இயந்திரம் 1870களில் டைம்ஸுக்குள் நுழைந்து, 1908-இல் எழுத்தை ஒவ்வொன்றாக வார்த்துக் கோக்கும் மோனோடைப் வரும்வரை அங்கே இருந்தது. நாடாளுமன்றத்தில் பேசியதை ஒருவர் தொலைபேசியில் வாசிக்க, இங்கே கேட்டுக்கொண்டே கட்டைகளை அழுத்திக் கோத்த நாட்களும் உண்டு. உங்கள் அட்டையில் 'முதல்' என்று போட்டிருக்கும் வருடத்துக்கு முன்பே, உலகத்தின் பெரிய தினப் பத்திரிகைகளில் ஒன்று விசைப்பலகையில் கோத்துக்கொண்டிருந்தது. அங்கேயும் தொல்லை பிரிப்பதில்தான். கடைசியில் பிரடெரிக் விக்ஸ் என்பவரின் சுழலும் வார்ப்பு இயந்திரம் மணிக்குச் சுமார் 60,000 எழுத்து என்று புதிதாக வார்த்துத் தள்ள ஆரம்பித்ததும், டைம்ஸ் பழைய எழுத்தைப் பிரிப்பதை விட்டு உருக்கத் தொடங்கியது. 1822-இல் சர்ச் சொன்னது அதுதான்.

மார்க் ட்வைன் பெயர் உங்கள் பார்வையாளர்கள் பலருக்குத் தெரியும். சின்ன வயதில் அவரும் அச்சகத்தில் எழுத்து கோத்தவர். ஜேம்ஸ் பேஜ் என்பவர் செய்த இயந்திரத்தைப் பார்த்து அவர் மயங்கியதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். அது கோத்தது, வரியையும் தானே அளந்து நிறைத்தது, பழைய எழுத்தையும் தானே பிரித்தது. ஒரு கம்பாசிட்டரின் மூன்று வேலையும் அதில் இருந்தது. அப்படி முழு மனிதனைச் செய்யப் போனதில் உறுப்புகள் சுமார் 18,000 ஆகிவிட்டன. 1894-இல் சிகாகோ ஹெரால்ட் பத்திரிகையில் சோதனைக்கு வைத்தார்கள். ஓடும்போது அற்புதமாக ஓடியது, அடிக்கடி நின்றது. பதினான்கு வருடத்தில் ட்வைன் அதில் போட்டது சுமார் 3 லட்சம் டாலர். அதே 1894-இல் அவருடைய பதிப்பகமும் முறிந்தது. கடனை அடைக்க உலகம் சுற்றிப் பேசக் கிளம்பியவர், 1896 ஜனவரியில் கொழும்பிலும் பிறகு பம்பாயிலும் வந்து இறங்கினார். ஒரு எழுத்துக்கோப்பு இயந்திரம் ஏற்றிவிட்ட கடனும் அவரை நம் பக்கம் அழைத்து வந்தது. அந்த இயந்திரத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. ஹார்ட்ஃபோர்டில் அவர் வாழ்ந்த வீட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகுதான் உங்கள் கூடத்தில் நிற்கும் இயந்திரம் வருகிறது. ஓட்மார் மெர்கந்தாலர், ஜெர்மனியில் கடிகாரத் தொழில் பழகி 1872-இல் அமெரிக்கா போனவர். நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் ஜேம்ஸ் கிளெஃபேன் தன் நகல் வேலைக்கு வேகமான வழி தேடிப் பால்டிமோரில் அவர் வேலை பார்த்த பட்டறைக்கு வந்ததில் தொடங்கியது கதை. பல இயந்திரங்கள் செய்து, தோற்று, மறுபடி செய்து, 1886 ஜூலை 3 அன்று நியூயார்க் ட்ரிப்யூன் அலுவலகத்தில் லைனோடைப் ஓடியது.

அவருடைய மேதைமை விசைப்பலகையில் இல்லை. ஈய எழுத்தைக் கோப்பதையே அவர் விட்டுவிட்டார். கட்டையை அழுத்தினால் இறங்குவது சிறிய பித்தளை அச்சு. லைனோக்காரர்கள் மேட்ரிக்ஸ் என்பார்கள். வரிக்கு வேண்டிய மேட்ரிக்ஸ்கள் சேர்ந்ததும் உருகிய ஈயக் கலவை அவற்றின் மேல் பாய்ந்து, முழு வரியும் ஒரே கட்டியாக வார்ந்து விழுகிறது. சொற்களுக்கு நடுவே நிற்பது ஆப்பு மாதிரியான ஸ்பேஸ். கீழிருந்து எல்லா ஆப்புகளையும் ஒன்றாக மேலே தள்ளினால் எல்லா இடைவெளியும் ஒரே சீராக விரிந்து வரி நிறைந்துவிடும். என் கட்டைவிரல் செய்த வேலை அது. இரண்டு துண்டாக அமைந்த அந்த ஆப்பின் காப்புரிமை ஜேக்கப் ஷக்கர்ஸ் என்பவருடையது; லைனோடைப் கம்பெனி பின்னால் பெரும் பணம் கொடுத்து அந்த உரிமையை வாங்க வேண்டி வந்தது.

பிரிக்கும் வேலை? அச்சான ஈய வரி நேரே கொப்பரைக்குப் போய் உருகிவிடும். பித்தளை மேட்ரிக்ஸ்களை ஒரு கை தூக்கிக்கொண்டு உச்சிக்குப் போகும். ஒவ்வொரு மேட்ரிக்ஸின் தலையிலும் V வடிவப் பள்ளம், அதன் இரு பக்கமும் ஏழு ஏழு பல் வரக்கூடிய இடம். எந்தப் பல் இருக்கிறது, எது இல்லை என்பது எழுத்துக்கு எழுத்து மாறும். மேலே ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டு நகரும்போது, தன் பல்லைத் தாங்கும், கம்பியில் நீளவாக்கில் இருக்கும் புடைப்பு முடிகிற இடத்தில் அது தானாகக் கழன்று தன் அறைக்குள் விழும். சர்ச் சொன்ன உருக்குதலும் சோரன்சன் சொன்ன வெட்டும் ஒரே இயந்திரத்தில் வந்து கூடியிருக்கின்றன. மெர்கந்தாலர் அவர்களைப் பார்த்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் இருவரும் தனித்தனியே முட்டிய சுவரில் இவர் இரண்டு வாசலையும் சேர்த்துத் திறந்தார். காசநோயில் 1899-இல் இறந்தபோது அவருக்கு வயது 45.

இப்போது நான் கேட்பது இதுதான்.

அட்டையில் 'முதல்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 'எழுத்தைக் கோத்து, வரியை நிறைத்து, பயன்படுத்திய அச்சுகளைத் தானே பிரித்துக்கொண்ட, செய்தித்தாள்களில் நிலைத்து நின்ற இயந்திரம்' என்று போடுங்கள். சர்ச், யங், டெல்காம்பர், சோரன்சன், காஸ்டன்பைன், பேஜ் பெயர்களுக்கு அதன் கீழே இரண்டு வரி ஒதுக்குங்கள். பியானோ மாதிரி கட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்த பெண்களுக்கும் ஒரு வரி வேண்டும்.

இயந்திரத்தின் உச்சியை மூடி வைக்காதீர்கள். நான் போன இடத்தில் விசைப்பலகைக்கு விளக்குப் போட்டிருந்தார்கள். பிரிக்கும் கம்பி இருக்கும் மேல்பாகம் இருட்டில் கிடந்தது. அந்த விளக்கை மேலே திருப்பினாலே போதும். முடிந்தால் ஒரு மேட்ரிக்ஸைக் கழற்றிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். பல்லைத் தடவிப் பார்க்கட்டும்.

பக்கத்தில் ஒரு பழைய கேஸ், ஒரு ஸ்டிக், கொஞ்சம் எழுத்து வையுங்கள். எழுத்து கோத்துக் காட்டப் பல ஊரிலும் இன்னும் ஆள் இருக்கிறார்கள். பிரித்துப் போட்டுக் காட்டுங்கள் என்று யாரும் அவர்களைக் கேட்பதில்லை. என்னிடம் பழைய பன்னிரண்டு பாயிண்ட் தமிழ் எழுத்து இரண்டு கேஸ் இருக்கிறது. எடைக்குப் போன நாளில் முதலாளியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது. பஸ் கட்டணம்கூட வேண்டாம். எந்த ஊரானாலும் ஒரு நாள் முன்னால் சொல்லியனுப்புங்கள், கேஸோடு வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு கைக்கோப்பு கம்பாசிட்டர்